வயல் மண்ணில் வீடு: வாசகர் கேள்வி பதில்

சம்பா அறுத்து, வைக்கோல் போர் ஏறி, வயல் காய்ந்து கிடக்கும் மாசி முதல் ஆனி வரைதான் டெல்டாவில் மண் வேலைக்குக் காலம். ஆடியில் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிடும், ஐப்பசியில் மழை பிடித்துக்கொள்ளும். அதற்குள் கூரை ஏறியாக வேண்டும். இந்த முறை வந்த கடிதங்களில் பல, ‘மண் சுவர் கரையாமல் இருக்க என்ன கலக்கலாம்?’ என்றே கேட்கின்றன. அதற்குக் கொஞ்சம் இடம் ஒதுக்கிவிட்டு, அதிகம் பேரும் கேட்காத இரண்டைப் பற்றித்தான் நிறைய எழுதியிருக்கிறோம்: மணலின் அளவு, சுவரின் அடி.

கே: எங்கள் நிலம் மன்னார்குடிக்குக் கிழக்கே. கருங்களி. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கிறது. இந்த மண்ணிலேயே சுவர் வைக்கலாமா, வெளியிலிருந்து மண் வாங்க வேண்டுமா?
– வாசகர், மன்னார்குடி

ப: அப்படியே வைத்தால் நிற்காது. மணல் கலந்தால் நிற்கும். வயலில் கை நுழையும் வெடிப்பை உண்டாக்குகிற அதே களிதான் சுவரிலும் இருக்கப்போகிறது. தண்ணீர் குடித்தால் உப்பி, காய்ந்தால் சுருங்கும் ஜாதி அது. சுவருக்குத் தேவையான களி ஐந்தில் ஒரு பங்குதான். உங்கள் பக்கத்துக் கருங்களியில் அது இரண்டு மடங்குக்கு மேலேயே இருக்கும். ஆகவே மண் வாங்க வேண்டாம், மணல்தான் வாங்க வேண்டும்.

எவ்வளவு மணல் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மேல் ஓரடி மண்ணை ஒதுக்கிவிட்டு, அதற்குக் கீழிருந்து ஒரு கை மண் எடுங்கள். மேல் மண்ணில் வேரும் எருவும் மக்கும் இருக்கும். அது பயிருக்கு ஆகும், சுவருக்கு ஆகாது. நேர்ப் பக்கங்கள் உள்ள கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்குக்கு மண்ணைப் பொடித்துப் போட்டு, முக்கால் பாட்டில் தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். ஒரு மணி நேரம் ஊறவிட்டு மறுபடி குலுக்கி, ஆடாத இடத்தில் வையுங்கள். முதல் ஒரு நிமிடத்தில் படிவது மணல். அதற்கு மேல் அடுத்த சில மணி நேரத்தில் படிவது வண்டல். மறுநாள்வரை கலங்கல் தெளிந்து மேலே வழவழப்பாகப் படிவது களி. ஒவ்வொரு அடுக்கு முடியும்போதும் பாட்டிலில் பேனாவால் கோடு போட்டுக்கொண்டு, கடைசியில் ஸ்கேல் வைத்து அளங்கள். களி தண்ணீரில் ஊறி உப்பியிருப்பதால் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும்.

பத்தில் நாலரைப் பங்கு களி என்று வந்தால், ஒரு கூடை மண்ணுக்கு ஒரு கூடை மணல் சேர்த்தால் களி கால் பங்குக்குச் சற்றுக் கீழே இறங்கும். ஒன்றரைக் கூடை சேர்த்தால் ஐந்தில் ஒரு பங்குக்கு வந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உங்கள் கலவை அமையும்.

இங்கே பலரும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. ஆற்றுப் படுகை மண் கைக்கு நொறுநொறுவென்று இருப்பதால் அதை மணல் என்று நினைத்துக் கலந்துவிடுகிறார்கள். அதில் பெரும்பகுதி வண்டல். வண்டல் களியைப்போல ஒட்டவும் செய்யாது, மணலைப்போலத் தாங்கவும் செய்யாது. துளி எடுத்துப் பல்லிடுக்கில் வைத்துக் கடித்துப் பாருங்கள்: மணல் என்றால் நறநறக்கும், வண்டல் மாவுபோல இருக்கும். ஆற்று மணல் கிடைக்காவிட்டால் எம்.சாண்ட் தாராளமாகப் போடலாம். முனை மழுங்காத துகள் என்பதால் மண்ணோடு நன்றாகவே பிடித்துக்கொள்ளும். கடல் மணல் மட்டும் வேண்டாம்.

கலவையைப் பிசைந்து 2 செ.மீ. அளவில் ஐந்தாறு உருண்டை பிடித்து, நன்றாகக் காய்ந்தபின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்குங்கள். ஒன்றுகூட உடையக்கூடாது. உடைந்தால் மணல் கூடிவிட்டது. அடுத்து, உள்ளளவு 60 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம், 4 செ.மீ. ஆழத்தில் பலகைப் பெட்டி ஒன்று செய்து, உள்ளே எண்ணெய் தடவி, ஈரக் கலவையை இடைவெளி இல்லாமல் அடைத்து, நிழலில் காயவிடுங்கள். காய்ந்த கட்டியை ஒரு முனைக்குத் தள்ளினால் மறுமுனையில் விழும் இடைவெளிதான் சுருக்கம். துண்டுபட்டிருந்தால் எல்லாத் துண்டையும் சேர்த்துத் தள்ள வேண்டும். 18 மி.மீ.க்குள் இருந்தால் பச்சைக்கல் (சூளையில் சுடாமல் காயவைத்த மண் கல்) அறுக்கலாம். அதற்கு மேல் என்றால் மணலைக் கூட்டி, பெட்டியை மறுபடி நிரப்புங்கள். பெட்டி செய்வது அரை நாள் வேலை. அந்த அரை நாளைச் சோம்பலால் விட்டவர்கள்தான் பிறகு சுவர் முழுக்க வெடிப்புக்குப் பூசிக்கொண்டிருப்பார்கள்.

ஏரி, குளம், வாய்க்கால் மண்ணை அனுமதிச் சீட்டு இல்லாமல் அள்ள வேண்டாம். தாசில்தார் அலுவலகத்தில் கேட்டுவிட்டு வண்டியைக் கூப்பிடுங்கள்.

கே: உள்ளளவு பத்துக்குப் பத்து அறை ஒன்று, பச்சைக்கல்லில் கட்ட நினைக்கிறேன். எத்தனை கல், எவ்வளவு மண், எத்தனை நாள்?
– வாசகி, கும்பகோணம்

ப: 12 அங்குல நீளம், 6 அங்குல அகலம், 4 அங்குல உயரம் என்று கல்லை வைத்துக்கொள்வோம். சுவர் ஓரடிக் கனம், 8 அடி உயரம். ஒரு வாசல் 3-க்கு 6½, இரண்டு ஜன்னல் 3-க்கு 4. சுவரின் நடுக்கோட்டு நீளம் 44 அடி. திறப்புகளைக் கழித்தால் சுமார் 308 கன அடிச் சுவர். அரை அங்குல மண் சாந்து சேர்த்துக் கணக்கிட்டால் ஒரு கன அடிக்கு 4¾ கல், மொத்தம் 1,460. உடைசலுக்குப் பத்து சதவீதம் கூட்டி 1,600 கல் அறுத்துக்கொள்ளுங்கள். கல்லுக்கும் சாந்துக்கும் சேர்த்து, உதிரியாக அளந்தால் நாலேகால் முதல் நாலரை யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) கலவை பிடிக்கும். அதில் மணல் எத்தனை யூனிட் என்பதை மேலே சொன்ன பாட்டில் முடிவு செய்யும்.

யூனிட்டுக்கு 50 முதல் 60 கிலோ வைக்கோல் சேருங்கள். மூன்று, நான்கு அங்குலமாக நறுக்கியது போதும். அதைவிட நீளமாக இருந்தால் அச்சின் மூலையில் கலவை இறங்காது. அறுவடை இயந்திரம் துப்பிய வைக்கோல் பாதி நொறுங்கியே இருக்கும், நறுக்கும் வேலை மிச்சம். வைக்கோல் கல்லுக்குப் பலம் கூட்டுகிறது என்பதைவிட, காயும்போது ஓரிடத்தில் பெரிதாக வெடிக்காமல் சுருக்கத்தைப் பரப்பிவிடுகிறது என்பதே சரி. மண்ணைக் குழியில் கொட்டித் தண்ணீர் கட்டி இரண்டு மூன்று நாள் ஊறவிட்டுப் பிறகு மிதிக்க வேண்டும். ஊறாத களிக்கட்டி, எத்தனை மிதித்தாலும் உள்ளே கடலை மாதிரி நின்றுகொள்ளும். கல் காயும்போது அந்தக் கட்டியைச் சுற்றித்தான் முதல் கீறல் விழும். நாலு யூனிட்டைக் காலால் மிதிக்க ஆள் கிடைக்காது என்றால், சேறடிக்கும் கேஜ் வீல் மாட்டிய டிராக்டரைக் கூப்பிட்டு ஓட்டிவிடலாம்.

அச்சை 12-க்கு 6 என்றே செய்துவிடாதீர்கள். கலவை சுருங்கும் அளவுக்கு அச்சு பெரிதாக இருக்க வேண்டும். 3 சதவீதம் சுருங்கினால் நீளத்தில் மூன்றில் ஒரு அங்குலத்துக்கு மேல் போய்விடும். களத்தை மட்டமாக்கிச் சாம்பலோ மணலோ தூவி, நனைத்த அச்சை வைத்து, கலவையை ஒரே உருண்டையாக வீசி அறைந்து, மேலே வழித்துவிட்டு அச்சைத் தூக்க வேண்டும். தூக்கியதும் கல் உப்பி உட்கார்ந்தால் தண்ணீர் அதிகம். மூலை கிழிந்தால் தண்ணீர் போதவில்லை.

முதல் இரண்டு நாள் கல்லின் மேல் கீற்றோ வைக்கோலோ பரப்பி வையுங்கள். பங்குனி வெயிலில் திறந்து போட்டால் மேல்முகம் மட்டும் காய்ந்து சுருங்கி, முனைகள் எழும்பி, கல் படகுபோல வளையும். மூன்றாம், நான்காம் நாள் பக்கவாட்டில் நிமிர்த்தலாம். பத்து நாளைக்குப் பின் இடைவெளி விட்டுக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கலாம். நாலு வாரம் முடியாமல் ஒரு கல்லும் சுவருக்குப் போகக்கூடாது. ஒன்றை உடைத்துப் பாருங்கள். நடுவில் நிறம் கருத்திருந்தால் இன்னும் ஈரம். காய்ந்த கல்லின் இரண்டு முனைகளையும் இரண்டு செங்கல் மேல் வைத்து, 70 கிலோ எடையுள்ள ஆள் நடுவில் ஏறி நின்றால் உடையக்கூடாது. ஆறு கல்லில் இரண்டு உடைந்தால் மொத்தக் குவியலையும் குழிக்கே திருப்பிவிடலாம். மண்ணில் இது ஒரு வசதி, போட்ட மண் வீணாகாது.

அளவில் சில வரம்புகள் உண்டு. பூகம்பப் பகுதி மண் கட்டடங்களுக்காக 1993-இல் வந்த ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) 13827 வழிகாட்டியில் உள்ளவைதான் இவை. நம் பகுதிக்கு அவ்வளவு கண்டிப்பு தேவையில்லை என்றாலும் புயல் பகுதிக்கு இவை நல்ல அளவுகள். சுவரின் உயரம் கனத்தைப்போல எட்டு மடங்குக்கு மேல் போகக்கூடாது. இரண்டு குறுக்குச் சுவர்களுக்கு இடையிலான நீளம் பத்து மடங்குக்கு மேல் போகக்கூடாது. ஓரடிக் கனத்துக்கு உங்கள் பத்தடி அறை வரம்பின் விளிம்பில் நிற்கிறது. 12 அடியாக்க ஆசைப்பட்டால் சுவரை ஒன்றேகால் அடிக்கு மேல் ஏற்றுங்கள், அல்லது நடுவில் முட்டுச்சுவர் கொடுங்கள். ஒரு சுவரில் ஒரு திறப்பு. அது 4 அடி அகலத்தைத் தாண்ட வேண்டாம். வெளிமூலையிலிருந்து 4 அடி தள்ளியே தொடங்க வேண்டும். மூலையை ஒட்டி ஜன்னல் வைத்த மண் சுவர் எதுவும் அந்த மூலையைக் காப்பாற்றியதில்லை.

கே: தாழ்வான இடம். மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும். மண் சுவர் தாக்குப்பிடிக்குமா?
– வாசகர், சீர்காழி

ப: பேஸ்மட்டம் தாக்குப்பிடித்தால் சுவர் தாக்குப்பிடிக்கும். பெய்கிற மழை மண் சுவரை அரிக்கும். அதற்கு வருடம் ஒருமுறை பூசிக்கொள்ளலாம். அடியில் நிற்கிற தண்ணீர் அரிப்பதில்லை, ஊறவைக்கிறது. ஊறிய அடிவரி மேலே உள்ள மொத்த எடையையும் தாங்க மாட்டாமல் பிதுங்கும். சுவர் அப்படியே உட்கார்ந்துவிடும், பெரும்பாலும் இரவில், முன்னறிவிப்பு இல்லாமல்.

உங்கள் ஊரில் 2022 நவம்பரில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டியது. அன்று உங்கள் மனையில் தண்ணீர் எந்த உயரத்துக்கு நின்றது என்று அக்கம்பக்கத்தில் கேட்டு, பக்கத்து வீட்டுச் சுவரில் குறி போடுங்கள். அந்தக் குறிக்கு மேல் ஒன்றரை அடி, அதுதான் உங்கள் தரைமட்டம். குறிக்குக் கீழே எங்கேயும் பச்சை மண் கூடாது. சுட்ட செங்கல், செம்புறாங்கல், கருங்கல், எது கைக்கு எட்டுகிறதோ அது.

கடைக்கால் பற்றி. களிநிலத்தில் கோடை வெடிப்பு எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று சித்திரையில் நீளமான கம்பி விட்டுப் பாருங்கள். மூன்றடி இறங்கினால் கடைக்கால் அதற்கும் கீழே போக வேண்டும். குழியின் அகலம் சுவர்க் கனத்தைப்போல இரு மடங்கு. அடியில் 6 முதல் 9 அங்குலம் மணல் போட்டுத் தண்ணீர் விட்டுத் திமிசு போட வேண்டும். களி உப்பும்போது அந்தத் தள்ளலை மணல் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். அதன்மேல் 6 அங்குலம் செங்கல் ஜல்லி சுண்ணாம்புக் கலவை, பிறகு படிப்படியாகக் குறைந்து வரும் செங்கல் கட்டு. குழியின் பக்கங்களைத் தோண்டிய களியாலேயே மூடாமல் மணலால் மூடுங்கள். பேஸ்மட்டத்தின் தலையில் 4 முதல் 6 அங்குலக் கான்கிரீட் பட்டை, உள்ளே 10 மி.மீ. கம்பி இரண்டு, நான்கு சுவரையும் சுற்றி வளைத்து. அதன்மேல் ஒரு அங்குலத்துக்கு ஒன்றுக்கு மூன்று சிமெண்ட் சாந்து நீர்த்தடைப் பொடி கலந்து. இந்த இடத்தில் சிமெண்டுக்குக் கஞ்சத்தனம் வேண்டாம். ‘இயற்கை வீடு’ என்ற பெயருக்காகக் கான்கிரீட் பட்டையை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. டெல்டாக் களியில் அது வீண் பிடிவாதம்.

சுவரைச் சுற்றி மூன்றடி அகலத்துக்கு வெளிப்பக்கம் சரிந்த செங்கல் தளம் போடுங்கள். வேப்பமரமோ தூங்குமூஞ்சியோ பக்கத்தில் இருந்தால், மரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் தள்ளி வீட்டை வையுங்கள். கோடையில் வேர் ஒரு பக்கத்துக் களியை மட்டும் உறிஞ்சிச் சுருக்கிவிடும். அந்தப் பக்கம் சுவரில் சாய்வான வெடிப்பு வரும்.

கே: எங்கள் தாத்தா காலத்து மண் வீடு. ஆறேழு வருடத்துக்கு முன் வெளிப்புறம் சிமெண்ட் பூசினோம். இப்போது அடியிலிருந்து இரண்டடி உயரத்துக்குப் பூச்சு பெயர்ந்து விழுகிறது, உள்ளே மண் மாவாகக் கொட்டுகிறது, வெள்ளையாகப் பூக்கிறது. மறுபடி நல்ல சிமெண்டாகப் பூசினால் நிற்குமா?
– வாசகர், வேதாரண்யம்

ப: நிற்காது. அந்த சிமெண்ட்தான் கெடுத்தது. உங்கள் பக்கம் நிலத்தடி நீரே உப்பு. சுவர் அந்த நீரை அடியிலிருந்து இழுக்கும். இரண்டடி, மூன்றடி ஏறியதும் முன்பெல்லாம் மண் பூச்சு வழியாக ஈரம் ஆவியாகி வெளியேறியது. உப்பு மேற்பூச்சில் பூத்து, மெழுகும்போது அதோடு போய்விட்டது. சிமெண்ட் அந்த வழியை அடைத்தது. ஈரம் பூச்சுக்குப் பின்னால் தங்கியது. உப்பு அங்கேயே படிகமாகி, ஒவ்வொரு முறை நனைந்து காயும்போதும் மண்ணைத் துகள் துகளாகப் பெயர்த்தது. மேலே ஓடுபோல நிற்கிற சிமெண்டைத் தட்டிப் பாருங்கள். ‘டொக்’கென்று சத்தம் கேட்டால் பின்னால் வெற்றிடம்.

மாசிப் பிற்பகுதியில் வேலையைத் தொடங்குங்கள். அடியிலிருந்து மூன்றடி உயரத்துக்கு, ஏறின ஈரத்துக்கும் ஓரடி மேலே வரை, சிமெண்டை உளியால் பெயர்த்து எடுங்கள். சுத்தியலால் ஓங்கி அடித்தால் மண்ணும் சேர்ந்து வரும். உதிர்ந்த மாவைத் துடைப்பத்தால் கூட்டிவிட்டு, பங்குனி, சித்திரை இரண்டு மாதம் திறந்தே விடுங்கள். இடையில் உப்பு எடுக்கப் பற்றுப் போட வேண்டும். உப்பில்லாத களியும் மணலும் நல்ல தண்ணீரில் குழைத்து, அரை அங்குலக் கனத்துக்கு ஈரச் சுவரில் அப்பி, முழுக்கக் காய்ந்ததும் சுரண்டி எடுத்து வெளியே கொட்டுங்கள். சுவரின் அருகில் போட்டால் மழை அதைத் திருப்பிக் கொண்டுவந்துவிடும். மூன்று முறை செய்தால் வெள்ளை பூப்பது கண்ணுக்குத் தெரியக் குறையும்.

கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அரித்திருக்கும் இடங்களில் அடிவரிகளை மாற்றியாக வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டடி நீளத்துக்கு மேல் தோண்டாதீர்கள். ஒன்றை விட்டு ஒன்றாகத் தோண்டி, சுட்ட செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் வைத்து, மேலிடுக்கை இறுக அடைத்து, பத்து நாள் கழித்து நடுவில் விட்டதை எடுக்கலாம். மேலே உத்தரம் உட்காரும் இடம் என்றால் முட்டுக்கொடுத்துவிட்டுத் தொடுங்கள்.

பிறகு மண் பூச்சு. களிமண் 1, மணல் 3, சாணி அரைக்கால் பங்கு, பொடித்த வைக்கோல் கொஞ்சம். சுவரை நனைத்து முதல் பூச்சு அரை அங்குலம், காய்ந்ததும் இரண்டாவது கால் அங்குலம். முழுச் சுவருக்கும் குழைக்கும் முன், மணலை இரண்டு, மூன்று, நான்கு பங்கு என்று மாற்றி, இரண்டடிச் சதுரத்தில் மூன்று திட்டுப் பூசி ஒரு வாரம் பாருங்கள். வெடிப்பதில் களி அதிகம், கையோடு தூளாக வருவதில் மணல் அதிகம். கடைசியில் சுண்ணாம்புப் பால் நாலு கை, தெளிவாக, தண்ணீர்போல. கெட்டியாக ஒரே கையில் அடித்தால் தோலாக உரியும். குழைக்கும் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள்; கரித்தால் அந்தத் தண்ணீர் வேண்டாம்.

கே: கடுக்காய்த் தண்ணீர், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு எல்லாம் மண் சுவரில் கலந்தால் கல்லாகிவிடும் என்கிறார்களே?
– வாசகி, திருவாரூர்

ப: அவையெல்லாம் சுண்ணாம்புக்குப் போகிற சரக்கு. கடுக்காயும் வெல்லமும் சுண்ணாம்புச் சாந்தின் இளக்கத்தைக் கூட்டி, மெதுவாக இறுக வைக்கும். முட்டை வெள்ளைக்கரு, செட்டிநாட்டு வீடுகளில் மேல்மெருகுக்குப் போனது. மண் கல்லில் ஊற்றினால் கடுக்காய்க்குக் கொடுத்த காசுக்கு ஒரு வண்டி மணல் வந்திருக்குமே என்றுதான் தோன்றும். அரிசிக் கஞ்சி மண் பூச்சில் ஓரளவு பிடிப்புக் கொடுக்கும். ஆனால் எறும்பையும் பூஞ்சணத்தையும் கூப்பிட்டு உட்காரவைக்கும். களி கூடிய மண்ணுக்கு உண்மையிலேயே வேலை செய்யும் ஒரு சரக்கு, நீற்றிய சுண்ணாம்பு. மண்ணின் எடையில் 6 முதல் 8 சதவீதம் கலந்தால் களியோடு வினைபுரிந்து கெட்டிப்படும். அவசரப்படாமல், நிழலில், சாக்குப் போட்டு நாலு வாரம் ஈரம் காக்க வேண்டும். இரண்டே நாளில் வெயிலில் வைத்துவிட்டால் சுண்ணாம்புக்குக் கொடுத்த காசும் போச்சு.

கே: மண் சுவருக்குக் கீற்றுக் கூரை நல்லதா, ஓடு நல்லதா? கஜா மாதிரி இன்னொன்று வந்தால்?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

ப: கீற்று லேசு, குளிர்ச்சி, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றத் தவறிய அந்த ஒரு மழையில் சுவரின் தலை நனையும். கீற்று முடைய ஆளும் குறைந்துவிட்டது. கையில் பணம் இருந்தால் சீமை ஓடு என்போம். 100 சதுர அடிச் சரிவுக்கு 140 முதல் 150 ஓடு பிடிக்கும். கைமரத்துக்குப் பழைய வீடு பிரிக்கும் இடத்தில் பனங்கை கிடைத்தால் விடாதீர்கள். புதிதாகப் பனை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறியபோது மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் காற்று. அந்தக் காற்று கூரையை அழுத்துவதில்லை, தூக்குகிறது. சுவர் மேல் சும்மா உட்கார்த்தி வைத்த கூரை எழும்பிப் போகும்போது சுவரின் தலைவரிகளையும் பெயர்த்துக்கொண்டு போகும். ஆகவே சுவர்த் தலையில் ஓடும் மரச்சட்டத்தை நாலடிக்கு ஒரு இடத்தில், சுவருக்குள் மூன்றடி கீழே இறங்கும் 8 மி.மீ. கம்பியால் கட்ட வேண்டும். கம்பியின் கீழ்முனை குறுக்கே ஒரு மரத்துண்டிலோ கருங்கல்லிலோ மாட்டியிருக்க வேண்டும். கட்டி முடித்த பிறகு இதைச் செருக முடியாது. ஐந்தாவது அடி உயரத்திலேயே கொத்தனாரிடம் நினைவுபடுத்துங்கள்.

நாலு பக்கமும் சரியும் கூரை, இரண்டு பக்கச் சரிவைவிடக் காற்றுக்கு நல்லது. ஓட்டுக்குச் சரிவு 30 பாகை, கீற்றுக்கு 40 முதல் 45. எரவானம் சுவரிலிருந்து இரண்டடி நீண்டால் போதும். சாரலுக்குப் பயந்து நாலடி நீட்டினால் காற்றுக்கு அது கைப்பிடி. தாழ்வாரம் வேண்டும் என்றால் அதன் கூரையைத் தனியாக, ஒரு படி கீழே, தனிக் கால்களில் போடுங்கள். போனால் அது மட்டும் போகும்.

கே: எங்கள் பக்கம் செம்மண். சிமெண்ட் கலந்து மெஷினில் அழுத்திய மண் கல் போடலாமா?
– வாசகர், பட்டுக்கோட்டை

ப: போடலாம், டெல்டாவில் உங்களைப்போல மேற்கு, தெற்கு ஓரத்தில் இருப்பவர்களுக்குத்தான் அது சரிப்பட்டு வரும். கருங்களியைச் சிமெண்டால் வசப்படுத்த நினைப்பது காசைக் கரைப்பது. மேலே சொன்ன 60 செ.மீ. பெட்டிச் சோதனையே இங்கும் வழிகாட்டும். சுருக்கம் 15 மி.மீ.க்குள் என்றால் 18 பங்கு மண்ணுக்கு 1 பங்கு சிமெண்ட். 15 முதல் 30 என்றால் 16-க்கு 1. அதற்கு மேல் போனால் சிமெண்டைக் கூட்டாமல் மணலைக் கூட்டுங்கள்.

கால் அங்குலச் சல்லடையில் சலித்து, சிமெண்டை உலர்வாகக் கலந்து, பிறகு தண்ணீர் தெளியுங்கள். பிடித்த உருண்டையை இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் நாலைந்து துண்டாக வேண்டும். தூளானால் தண்ணீர் போதாது, தட்டையாக ஒட்டினால் அதிகம். தண்ணீர் பட்ட கலவையை அரை மணி நேரத்துக்குள் அழுத்தி முடியுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன் கலந்து வைத்துவிட்டுப் போகும் பழக்கம் கல்லைக் கொல்லும். 23-க்கு 19-க்கு 10 செ.மீ. கல் எட்டு கிலோ வரும், மூட்டைக்குச் சுமார் 90 கல் விழும், சுவரில் சதுர அடிக்கு மூன்றரைக் கல் போகும். நாலு வாரம் நிழலில் நனைத்துப் பதப்படுத்திய பின், ஒரு கல்லை 24 மணி நேரம் தண்ணீரில் போட்டு எடுங்கள். விளிம்பை நகத்தால் கீறினால் உதிரக்கூடாது. கல்லின் தரத்துக்கு ஐ.எஸ். 1725 இருக்கிறது, விற்பவரிடம் அதன்படி சோதித்த சீட்டைக் கேட்கலாம். சாந்தில், கல்லுக்குப் போட்டதைப்போல ஒன்றரை மடங்கு சிமெண்ட் போடுங்கள். பழகிப் பார்த்துவிட்டு இறங்க நினைத்தால் புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட்டில் பயிற்சி நடக்கிறது.

கே: மண் தரை மெழுகினால் காய்ந்ததும் பாளம் பாளமாக வெடிக்கிறது.
– வாசகி, பாபநாசம்

ப: ஒரே கனமாகப் போட்டிருப்பீர்கள். அடியில் மணல் ஒரு சாண், அதன்மேல் ஒரு பங்கு களிக்கு இரண்டு பங்கு மணல் சேர்த்த அரையீரக் கலவையை ஒன்றரை அங்குலமாகப் போட்டுத் திமிசால் இடியுங்கள். குழைத்துப் பூசக்கூடாது, இடிக்க வேண்டும். வெடித்தால் வெடிக்கட்டும், காய்ந்தபின் அதே கலவையைச் சலித்து வெடிப்பில் தேய்த்து அடைத்து, மேலே சன்னமாகச் சாணி மெழுகுங்கள்.

கே: கரையானுக்கும் எலிக்கும் என்ன செய்வது?
– வாசகர், வலங்கைமான்

ப: கரையானுக்கு மண் உணவில்லை. அது வைக்கோலையும் நிலைக்கட்டையையும் தேடி வருகிறது. நிலையின் கால் தரைக்குள் புதையாமல் கருங்கல் துண்டின் மேல் நிற்கட்டும். பேஸ்மட்டக் கான்கிரீட் பட்டையின் வெளிமுகத்தை மண் பூசி மறைக்காதீர்கள். கரையான் ஏற வேண்டுமென்றால் அதன்மேல் புற்றுக்கோடு கட்டியாக வேண்டும், கட்டினால் உங்கள் கண்ணில் படும். வாரம் ஒருமுறை துடைப்பத்தால் கலைத்தாலே பெரும்பாலும் நிற்கும்.

எலி வேறு கதை. அறுப்பு முடிந்ததும் வயலில் இருப்பதெல்லாம் வீட்டுக்கு வரும், நெல் மூட்டை சுவரோடு ஒட்டி இருந்தால் அதன் பின்னால்தான் வளை தோண்டும். மூட்டையைப் பலகை மேல் ஏற்றி, சுவரிலிருந்து ஓரடி தள்ளி வையுங்கள். பழைய வளையை வெறும் மண்ணால் அடைத்தால் மறுநாளே திறக்கும். உடைந்த கண்ணாடித் துண்டும் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்புச் சாந்தில் கலந்து, ஒரு முழம் உள்ளே வரை குச்சியால் குத்தி அடையுங்கள். அடைக்கும் முன் வளையின் வாயில் ஒரு நாள் வைக்கோலைத் திணித்துப் பாருங்கள். மறுநாள் வைக்கோல் வெளியே கிடந்தால் எலி இன்னும் உள்ளே இருக்கிறது.